படம் என்னுடையது, கருத்து பூட்டுக்காரருடையது

பெருமதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

தம்பி மனைவி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு என் வலது முட்டியைத் தவிர மற்ற யாவரும் சுகம். அங்கு தாங்களும், தங்கள் வீட்டுக்காரரும், தாங்கள் போன கடிதத்தில் இரண்டு பக்கத்துக்கு வர்ணித்திருந்த அந்தப் புது மெத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். "வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறானே, ஒரு மாதம் அவனை இங்கே அனுப்பி வை" என்று தாங்கள் எழுதியிருந்தது கண்டு மனம் நெகிழ்ந்தேன். ஆயினும் தங்கள் தம்பி தற்சமயம் வர இயலாத நிலையில் இருக்கிறார் என்பதைத் தெரிவிக்கவும், அதற்கான காரணங்களை விளக்கவுமே இக்கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் போன் பேசினால் மூன்று அறைக்கும் கேட்கும், அவர் நடு அறையில் இருப்பார்.

தாங்கள் அறிந்ததே, தங்கள் தம்பி முப்பத்தாறு வருடம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவர். எந்தத் தெரு, எந்த வீடு என்று உறையைப் பார்த்த மாத்திரத்தில் கடித அலமாரியின் சரியான அறைக்குள் விட்டெறிவார். ஓய்வு பெற்று வந்த பிறகு பிரிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. என் மசாலா டப்பாக்களை ஒரு தடவை பிரித்து அடுக்கினார், அதற்குப் பிறகு எனக்கு மிளகு கிடைக்க நாலு நாள் ஆயிற்று. அப்புறம் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். பதினோரு மாதம். நான் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசை வேலைக்குக் காலையில் போகும்போது எப்படி உட்கார்ந்திருந்தாரோ, சாயங்காலம் வரும்போதும் அப்படியே இருப்பார். வாசல் மணி அடித்தால் அது எனக்காகத்தான் இருக்கும். அவரைத் தேடி ஒரு ஈ காக்கை வந்ததில்லை, அக்கா. மணி அடிக்கும்போது மட்டும் லேசாகத் திரும்பிப் பார்ப்பார்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தெரு முனையிலே இருக்கிற பெரிய மளிகைக் கடையில் இனிமேல் கேரி பேக் கிடையாது, அவரவர் பை கொண்டு வரவும், இல்லாவிட்டால் கெட்டித் துணிப்பை விலைக்கு வாங்கிக்கொள்ளவும் என்று எழுதிப் போட்டார்கள். தெருவே இரண்டு பட்டது. கடையில் பாதிப்பேர் அது நல்ல காரியம் என்றார்கள், பாதிப்பேர் இது வாடிக்கையாளரை மட்டம் தட்டுகிற வேலை என்றார்கள். எங்கள் பல் டாக்டர் முதல் கட்சி. நோயாளி வாயில் பஞ்சை வைத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார், அதனால் இதுவரை அவருக்கு எதிர்க்கருத்து வந்ததே இல்லை. தங்கள் தம்பியும் முதல் கட்சிதான். பேச்சோடு நிற்கவில்லை. வாசல் கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து, அதில் பையை மாட்டி, "இனிமே இதுதான் நம்ம பை"ன்னு எனக்குக் காட்டினார்.

அந்தப் பை அந்த ஆணியிலேதான் இருந்தது, அதுதான் கஷ்டம். செருப்பை மாட்டுவார், கதவைப் பூட்டுவார், பூட்டை மூணு தடவை இழுத்துப் பார்ப்பார், போயிடுவார். கடைக்குள்ளே போய், பில் போடற இடத்திலே நிக்கும்போதுதான் ஞாபகம் வரும். திரும்பி வந்து எடுத்துக்கிட்டுப் போக வெட்கம், அதனாலே அங்கேயே ஒரு புதுப் பை வாங்கிடுவார். ஒரு நாளா ரெண்டு நாளா? பை வாங்கி வாங்கி, போன மாசம் நான் கட்டிலுக்கடியிலே பெருக்கும்போது எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொண்ணு. அதையும் அவர் விடலே. சின்னது, பெரிசு, கைப்பிடி நீளம், கைப்பிடி குட்டைன்னு பிரிச்சு, ஒரு பெரிய பைக்குள்ளே ஒழுங்கா அடுக்கி வெச்சிருக்கார். ஊருக்கெல்லாம் ஒரே பையை நூறு தடவை பயன்படுத்தணும்னு உபதேசம், எங்க வீட்டிலே நாற்பத்தொரு பை, ஒவ்வொண்ணும் ஒரே ஒரு தடவை வெளியே போய் வந்தது. பதினோரு மாசம் கழிச்சு ஒரு மனுஷனுக்கு ஒரு கருத்து வந்திருக்கு, அதைப் போய்க் கலைப்பானேன்னு விட்டுட்டேன்.

எங்க பேட்டையிலே பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை நாலு பக்கப் பத்திரிகை ஒண்ணு இலவசமா எல்லார் வீட்டுப் பெட்டியிலேயும் விழும். அதுக்கு ஆசிரியர், நிருபர், விளம்பரம் வாங்கறவர், படம் பிடிக்கறவர் எல்லாம் ஒரே அம்மாதான். அந்த அம்மா கடை வாசல்லே நின்னு, "பை கொண்டு வருவது பற்றி உங்கள் கருத்து என்ன?"ன்னு வர்றவங்க போறவங்களைக் கேட்டிருக்காங்க. தங்கள் தம்பி முதல் நாள் சும்மா கடந்து போயிட்டார். வீட்டுக்கு வந்து யோசிச்சு, ஒரு தாளிலே எழுதி, கண்ணாடி முன்னாலே நின்னு சொல்லிப் பார்த்து, மறுநாள் போய்ச் சொன்னார். அவர் சொன்னது இது: "மறந்துவிட்டேன் என்று சாக்குச் சொல்வதைவிட ஒரு சாக்கை எடுத்துப் போவது மேல்." எனக்கே கேட்க நல்லாத்தான் இருந்தது. அவருக்கு அடுத்தாப்போலே பேசினவர் எங்க தெருப் பூட்டுக்காரர். சாவி வெட்டறது, பூட்டு ரிப்பேர், இதுதான் அவர் தொழில். தனி ஆள், உரத்த குரல். ஊரிலே எல்லார் கதவுக்கும் பூட்டுப் போட்டவர், தன் வாய்க்கு மட்டும் போட்டுக்கலே. அவர் சொன்னது: "பை கொண்டு வான்னு சொல்ல இவங்க யாரு? நான் கேரி பேக்தான் கேட்பேன். குடுக்கலேன்னா சட்டையைக் கழட்டி அதிலே காய்கறியைக் கட்டிக்கிட்டுப் போவேன்."

பத்திரிகை வந்தது. தங்கள் தம்பி படம் அழகா விழுந்திருந்தது, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கிட்டு, தலை வாரிக்கிட்டு. கீழே பேரும் சரியா இருந்தது. பேருக்குக் கீழே, "பை கொண்டு வான்னு சொல்ல இவங்க யாரு?"ன்னு ஆரம்பிச்சு, சட்டையைக் கழட்டறது வரைக்கும் முழுசும் இருந்தது. பக்கத்திலே பூட்டுக்காரர் முறைச்சுக்கிட்டு இருக்கார், அவருக்குக் கீழே சாக்கு. ரெண்டு கருத்தும் இடம் மாறிப்போச்சு, அக்கா.

அவர் அன்னிக்குச் சாப்பிடலே. அந்த அம்மாவுக்குப் போன் பண்ணினார். "மன்னிக்கணும் சார், அடுத்த இதழ்லே திருத்தம் போட்டுடறேன். ஆனா ஒண்ணு, ரெண்டு கருத்தும் பத்திரிகையிலே வந்துடுச்சு இல்லையா"ன்னு சொன்னாங்களாம். அடுத்த இதழுக்குப் பதினஞ்சு நாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கீழ் வீட்டிலே ஓய்வு பெற்ற தலைமையாசிரியை இருக்காங்களே, படியிலே எதிர்ப்பட்டா தலையை ஒரு அங்குலம் ஆட்டுவாங்க, அதுதான் இவருக்குத் தினப்படி கிடைச்ச ஒரே மரியாதை. மறுநாள் அந்தத் தலை ஆடலே. "படிச்சவங்கன்னு நினைச்சேன்"னு சுவரைப் பார்த்துச் சொல்லிட்டுப் போனாங்களாம். கடையிலே பில் போடற பொண்ணு இவர் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கிட்டு இருந்தாளாம், அவசர அவசரமாக் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாளாம்.

இனி இதை ஒவ்வொருத்தர்கிட்டேயும் நேர்லே போய்ச் சொல்லித் திருத்தறதுதான் வழின்னு முடிவு பண்ணி, முதல்லே சலூனுக்குப் போனார், ஏன்னா அங்கே ஒருத்தர்கிட்டே சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. போனவர் ஒண்ணரை மணி நேரம் கழிச்சு வந்தார். தலைமுடி அவ்வளவு நேர்த்தியா வெட்டி நான் பார்த்ததில்லை. "உண்மையைச் சொன்னீங்களா?"ன்னு கேட்டேன். "சொல்ல வேளை வரலே"ன்னார். ஒண்ணரை மணி நேரத்திலே வேளை வரலையான்னு நான் பிடிச்சுக்கிட்டேன். மெதுவாத்தான் சொன்னார்.

"உள்ளே நுழைஞ்சதும் சலூன்காரர் எழுந்து நின்னார். 'சார், இத்தனை நாள் உங்களை வாயில்லாப் பூச்சின்னு நினைச்சுட்டேன், நல்லாக் கேட்டீங்க'ன்னார். காத்துக்கிட்டு இருந்தவர் எனக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தார். நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ளே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, காபி குடிக்கறீங்களான்னு கேட்டாங்க." அப்புறம், "இந்தத் தெருவிலே யாருக்கும் என் பேர் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்"ன்னார்.

அக்கா, நான் சண்டை போடத்தான் தயாரா இருந்தேன். அதைக் கேட்டதுக்கப்புறம் உள்ளே போய் அவருக்குத் தட்டு வெச்சேன். காலையிலே பார்த்தா ஜன்னல் நாற்காலி காலி. டயர்க் கடையிலே அவருக்கு ஒரு முக்காலி, சலூன்லே ஒரு பத்திரிகை, பழக்கடையிலே ஒரு வணக்கம். வாசல் மணி அடிச்சா அவருக்கு. எல்லாம் அவர் சொல்லாத ஒரு வார்த்தைக்காக. மனசுக்குள்ளே அவருக்கும் அரிச்சுக்கிட்டுத்தான் இருந்தது. கடைக்குப் போனா, துணிப்பையை நாலா மடிச்சுச் சட்டைக்குள்ளே வெச்சுக்கிட்டு, மேலுக்கு ஒரு பழைய கேரி பேக்கைக் கையிலே பிடிச்சுக்கிட்டுப் போவார். சாமானைக் கடைக்குள்ளே துணிப்பையிலே போட்டு, வெளியே வரும்போது அதைக் கேரி பேக்குக்குள்ளே திணிச்சுக்குவார். விளைவு என்னன்னா, ஒரு தடவை கூடப் பையை மறக்கலே. கருத்து கையிலே இருந்தவரைக்கும் பை ஆணியிலே இருந்தது, கருத்து போனதுக்கப்புறம்தான் பை சட்டைக்குள்ளே வந்தது.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையிலே பூட்டுக்காரர் எங்க வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கார்னு நினைச்சு நான் சமையலறைக் கதவைப் பாதி சாத்திக்கிட்டேன். அவர் பாவம், நாற்காலி நுனியிலே உட்கார்ந்து, "தங்கச்சி, ஒரு துணிப்பை கிடைக்குமா? வெறுங்கையோட தெருவிலே நடக்க முடியலே"ன்னார். அவர் பாடு இன்னும் மோசம். தலைமையாசிரியை நேர்லே போய் அவரைப் பாராட்டி ஒரு பூச்செடித் தொட்டி கொடுத்திருக்காங்க. ஒரே ஒரு சாவி வெட்டக் கொண்டு வந்த அம்மா, அதையும் துணிப்பையிலே போட்டுக் கொண்டு வந்து, "பாருங்க, உங்க பேச்சைக் கேட்டுத்தான்"னு காட்டினாங்களாம். பள்ளிக்கூடத்திலே பிள்ளைங்களுக்குச் சொற்பொழிவு வேற கேட்டிருக்காங்க. "என் வாழ்க்கையிலே என்னைப் பார்த்து நாலு பேர் நல்ல மனுஷன்னு சொன்னதில்லே சார். இப்போ இல்லேன்னு எப்படிச் சொல்றது?"ன்னார்.

"எனக்கும் அதேதான்"னார் உங்க தம்பி.

நான் காபி கொண்டு போய் வெச்சேன். உங்க தம்பி உள்ளே போய் அந்தத் தாய்ப்பையைத் தூக்கிட்டு வந்து, "எது வேணுமோ எடுத்துக்குங்க"ன்னார். பூட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "எல்லாம் உங்களுதா சார்?" ஆமான்னார். பூட்டுக்காரர் தன் சட்டைப் பையிலேருந்து ஒண்ணை எடுத்தார். முக்கோணமா, விரல் அளவுக்கு மடிச்ச கேரி பேக். பிரிச்சுக் காட்டினார். ஓரத்திலே நைஞ்சு, ஒரு இடத்திலே ஒட்டுப் போட்டிருந்தது. "ரெண்டு வருஷமா இது ஒண்ணுதான். கழுவிக் காயப்போட்டு வெச்சுக்குவேன். கடையிலே இதைத் தூக்கிப் போடு, விலை கொடுத்து வேற வாங்குன்னதும் எனக்குக் கோபம் வந்துடுச்சு"ன்னார். உங்க தம்பி அந்த ஒட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் நாற்பத்தொண்ணையும் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கலே.

இதுக்கு நடுவிலே, பத்திரிகையிலே திருத்தம் வர்றதுக்கு முன்னாலேயே, குடியிருப்போர் சங்கத்திலே ஒரு கூட்டம் போட்டாங்க. கடை மேனேஜரும் வர்றார், பழையபடி கேரி பேக் வேணுமா வேண்டாமான்னு அன்னிக்கு முடிவு சொல்லிடணும். வேணும்ங்கற கட்சிக்குப் பேச உங்க தம்பியைப் போட்டுட்டாங்க, வேண்டாம்ங்கற கட்சிக்குப் பூட்டுக்காரர். பொய்யைச் சொல்லிட்டார்னா அப்புறம் வீட்டிலே என் முகத்தைப் பார்க்க மாட்டார். உண்மையைச் சொல்லிட்டார்னா மறுபடியும் அந்த ஜன்னல். எதுன்னு வேண்டிக்கறதுன்னு தெரியாம டாக்டர்கிட்டே பாதி நாள் லீவு சொல்லிட்டு நானும் போய்க் கடைசி வரிசையிலே உட்கார்ந்தேன்.

சலூன்காரர் எழுந்து, "இப்போ நம்ம அண்ணன் பேசுவார்"னு சொல்லி உட்கார்ந்தார். உங்க தம்பி போய் நின்னார். கையிலே தாளே இல்லே. முதல்லே தொண்டையைக் கனைச்சார், மைக் கீச்சுன்னு சத்தம் போட்டது, அதை விட்டுத் தள்ளி நின்னார்.

"பத்திரிகையிலே இருக்கற படம் என்னுது. கருத்து என்னுது இல்லே. பூட்டுக்காரரோடது. என் கருத்து அவர் படத்துக்குக் கீழே இருக்கு. முதல் நாளே சொல்லியிருக்கணும். சொல்லலே. நீங்க எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க, எனக்கு அது பிடிச்சிருந்தது."

பூட்டுக்காரர் தன் இடத்திலேயே எழுந்து, "ஆமாங்க. சட்டையைக் கழட்டறவன் நான்தான்"ன்னார். யாரோ சிரிக்க ஆரம்பிச்சு, தலைமையாசிரியை திரும்பிப் பார்த்ததும் நிறுத்திட்டாங்க.

"இன்னொண்ணும் இருக்கு"ன்னார் உங்க தம்பி. "பை கொண்டு போகணும்னு சொன்ன நான் வீட்டிலே நாற்பத்தொரு பை வெச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் மறந்து ஒவ்வொண்ணு வாங்கினேன். கொண்டு போக மாட்டேன்னு சொன்ன அவர் ரெண்டு வருஷமா ஒரே ஒரு பையிலே சாமான் வாங்கறார், ஒட்டுப் போட்டு. கருத்துன்னு கேட்டா என்னுது நல்லா இருக்கும். வீட்டை வந்து பார்த்தா அவருதுதான் நல்லா இருக்கு. அதனாலே எந்தக் கட்சிக்குப் பேசறதுன்னு எனக்குத் தெரியலே"ன்னு சொல்லிட்டு வந்து உட்கார்ந்துட்டார்.

அக்கா, கூட்டத்திலே என்ன நடக்கும்னு நான் நினைச்சேனோ அது நடக்கலே. முதல்லே எழுந்தது எங்க பல் டாக்டர். பதினெட்டுப் பை வெச்சிருக்காராம், எல்லாம் கார் டிக்கியிலே, அவர் கடைக்குள்ளே இருக்கும்போது. மூணு வருஷமா அவர் பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்கேன், இதை வாயே விட்டதில்லே. பழக்கடைக்காரர் முப்பதுன்னார். கடைசியா தலைமையாசிரியை எழுந்து, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "அம்பத்திரண்டு. ஒரு பீரோ முழுக்க"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தாங்க. மேனேஜர் எல்லாத்தையும் ஒரு நோட்டிலே எழுதிக்கிட்டார், அவர் எழுதற வேகத்தைப் பார்த்தா பை நல்லா விக்குதுங்கற சந்தோஷம்தான் தெரிஞ்சது. கட்சியும் இல்லே, ஓட்டும் எடுக்கலே. கடை வாசல்லே ஒரு அலமாரி வைக்கறது, வீட்டிலே மிஞ்சின பையை அதிலே போடறது, மறந்து வந்தவங்க அதிலே ஒண்ணு எடுத்துக்கிட்டு அப்புறம் திருப்பி வைக்கறதுன்னு முடிவாச்சு. அலமாரியை யார் பார்த்துக்கறதுன்னு கேட்டப்போ எல்லாரும் உங்க தம்பியைத்தான் பார்த்தாங்க. வெளியே வரும்போது சலூன்காரர் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு, "ஏமாத்திட்டீங்களே"ன்னார். நாலடி போய்த் திரும்பி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "முடி வளர்ந்தா வாங்க"ன்னார்.

இப்போ அவர் காலையிலே எட்டு மணிக்குக் கிளம்பினா மதியம் சாப்பாட்டுக்குத்தான் வருவார். அலமாரியைத் தட்டுத் தட்டாப் பிரிச்சு, கனமான சாமானுக்கு, முட்டைக்கு, ஈரக் காய்கறிக்குன்னு சீட்டு எழுதி ஒட்டியிருக்கார். கைப்பிடி அறுந்த பையைப் பூட்டுக்காரர் வாங்கிப் போய் ரிவிட் அடிச்சுக் கொண்டு வர்றார். எங்க கட்டிலுக்கடியிலே வெறும் தரை தெரியுது. எனக்கும் சாயங்காலத்திலே உட்கார ஜன்னலோரமா ஒரு நாற்காலி கிடைச்சிருக்கு, நல்ல காத்து வருது, இத்தனை நாள் தெரியாமப் போச்சு. ஆகையால், அக்கா, தாங்கள் அன்போடு அழைத்தும் தங்கள் தம்பியை இப்போது அனுப்ப இயலவில்லை. ஒரு நாள் அவர் போகாவிட்டாலும் முட்டைப் பையில் உருளைக்கிழங்கைப் போட்டுவிடுகிறார்களாம். அடுத்த வருடம் பார்க்கலாம். தாங்கள் தவறாக எண்ண வேண்டாம்.

தங்கள் வீட்டுக்காரருக்கு என் வணக்கங்களையும், மெத்தைக்கு என் விசாரிப்பையும் சொல்லவும். பெரியவர்களான தாங்கள் இருவரும் எங்களை எப்போதும்போல் ஆசீர்வதித்து வரவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத
தம்பி மனைவி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுமுன் இதை எழுதுகிறேன். நேற்று கடையின் மேலிடத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்துவிட்டது. ஒண்ணாம் தேதி முதல் எல்லாருக்கும் காகிதப் பை இலவசம், வாசலில் வழியை மறிக்கிற அலமாரி இருக்கக் கூடாது. எங்களில் யாரிடமும் எந்தக் கருத்தும் கேட்கவில்லை. நான் வேலையிலிருந்து வந்தபோது உங்கள் தம்பியும் பூட்டுக்காரரும் சமையலறையில் அந்த அறிவிப்பை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் முதலில் ஜன்னலைத்தான் பார்த்தேன். என் நாற்காலி போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் அவர், "அக்கா ஊர்லே கடையிலே என்ன பை குடுக்கறாங்க?"ன்னு கேட்டார். எனக்குத் தெரியாதுன்னேன். பூட்டுக்காரர், "நேர்லே போய்ப் பார்த்தாத்தானே தெரியும்"ன்னார். வியாழக்கிழமை ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு. ரெண்டாவது எனக்குன்னு நினைச்சு நான் பரண்லேருந்து பெட்டியை இறக்கி, புடவையெல்லாம் மடிச்சு வெச்சேன். அது பூட்டுக்காரருக்காம். ஒரு மாசம் தங்கறதாத்தான் இருக்காங்க. அந்தப் புது மெத்தையை ரெண்டு பேருக்கும் போட்டுக் கொடுங்க, வந்த அன்னிக்கே எதைப் பத்தியும் கருத்து மட்டும் கேட்டுடாதீங்க.